கல்லோடு ஆடிய தொட்டில்

வேப்பங்கிளையில் முதலில் கல்லைத்தான் தொங்கவிட்டேன். அப்புறம்தான் பிள்ளையை.

பெரம்பலூரில் ஒரு காலேஜ். பரீட்சை ஹாலுக்கு எதிரே அந்த வேம்பு. சித்திரை வெயில். பூ உதிர்கிற சமயம். கிளையில் சாக்கைச் சுற்றி, அதன்மேல் சங்கிலி போட்டேன். சங்கிலியில் கொக்கி. கொக்கியில் ஸ்பிரிங். ஸ்பிரிங்கில் சேலைத் தொட்டில். தொட்டிலுக்கு அடியில் ஒரு காடாத் துணிப் பை. பைக்குள் அம்மிக் குழவி.

என் மனைவி வளர்மதி பிள்ளைக்குப் பால் கொடுத்துத் தொட்டிலில் போட்டாள். எங்கள் மகள். தவழக்கூட ஆரம்பிக்கவில்லை அப்போது.

ஒரு இழுப்பு இழுத்துவிட்டேன். தொட்டில் கீழே போய் மேலே வந்தது. கொக்கி கிரீச், கிரீச் என்றது.

"இந்தச் சத்தம் கேக்குற வரைக்கும் உக்காந்து எழுதுவேன்," என்றாள். "நின்னுச்சுன்னா புள்ள முழிச்சுடுச்சுன்னு அர்த்தம். எந்திரிச்சு வந்துடுவேன்."

"வராத."

"அழுவுற புள்ளைய வச்சுக்கிட்டு எப்புடிங்க எழுதுறது?"

மணி அடித்தார்கள். பேனாவையும் ஹால் டிக்கெட்டையும் எடுத்துக்கொண்டு போய்விட்டாள். தரைத் தளம். ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. அங்கிருந்து ஒரு தடவை எட்டிப் பார்த்தாள். நான் தொட்டிலை இழுத்தேன்.

அந்தச் சத்தம் நிற்கக்கூடாது. எனக்கு அன்றைக்கு இருந்த வேலை அது ஒன்றுதான்.

எழுதட்டும்

போன வாரக் கதையைப் பட்டறையில் கையைச் சுட்டுக்கொண்டதோடு நிறுத்தியிருந்தேன். புதிதாகப் படிக்கிறவர்களுக்காக ஒரு வரி. அரியலூரில் லாரிப் பட்டை வேலை எனக்கு. லாரிக்கு அடியில் வில் மாதிரி வளைத்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய இரும்புப் பட்டைகள் இருக்கும். அதுதான் லாரியின் ஸ்பிரிங். சுண்ணாம்புக்கல் ஏற்றி ஏற்றி வளைவு விழுந்துவிடும். கழற்றித் தீயில் காட்டி, தட்டி, வளைவு ஏற்றித் திரும்ப மாட்டுவோம். எட்டாவதோடு படிப்பை விட்டவனுக்கு நல்ல வேலை. பேச வேண்டியதில்லை.

வருஷம் கேட்காதீர்கள். அரியலூர் தனி மாவட்டமாகி, கொஞ்ச நாள் இருந்துவிட்டு, மறுபடி பெரம்பலூரோடு சேர்ந்ததே, அந்தச் சமயம். பஸ் ஸ்டாண்டு கடைக்காரர்கள் போர்டில் மாவட்டத்தை மாற்றி எழுதி, திரும்ப மாற்றி எழுதிக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஊரே அப்போது ஆட்டத்தில்தான் இருந்தது.

அதற்குக் கொஞ்சம் முன்னால் பெண் பார்க்கப் போனேன். வளர்மதி பி.எஸ்சி. கணக்கு முடித்திருந்தாள். இயற்பியல் துணைப்பாடம் ஒன்று மட்டும் நின்றுபோயிருந்தது. அதை அரியர் என்பார்கள். அம்மா இல்லாத பெண். அவள் அப்பாதான் பேசினார்.

"ஒரு பேப்பர் பாக்கி இருக்கு மாப்ள. அது கெடக்கட்டும். கல்யாணத்துக்கு அப்புறம் என்ன பரீட்ச?"

கதவோரம் நின்றவள் தலையைக் குனிந்துகொண்டாள். அதைப் பார்த்தேன்.

"எழுதட்டும்," என்றேன்.

அந்த வீட்டில் அன்றைக்கு நான் பேசியது அவ்வளவுதான். திரும்பி வரும்போது என் அக்கா திட்டினாள். "கேசரி நல்லா இருக்குன்னாவது ஒரு வார்த்த சொல்லக்கூடாதாடா?"

கல்யாணம் ஆன பிறகு ஒரு தடவை எழுதப் போனாள். மசக்கை. கேள்வித்தாளைப் பார்த்ததும் வாந்தி எடுத்துவிட்டுத் திரும்பிவிட்டாள். அடுத்த தடவை பச்சை உடம்பு. வாசலைத் தாண்ட முடியாது. அதற்கப்புறம் காலேஜில் சொல்லிவிட்டார்கள். பாடத்திட்டம் மாறுகிறது, பழைய பாடத்தில் எழுத இந்தச் சித்திரைதான் கடைசி.

அது போனால் டிகிரி இல்லை. டிகிரி இல்லையென்றால் பி.எட். இல்லை. பி.எட். இல்லையென்றால் டீச்சர் இல்லை. அவள் எதையும் கேட்டு அடம்பிடிக்கிறவள் இல்லை. இந்த ஒன்றைத்தான் கேட்டாள். நானும் ஒரு வார்த்தை சொல்லியிருந்தேன்.

மடியில் வைத்தால் டிக்கெட் இல்லை

இப்போது கல்லுக்கு வருகிறேன்.

எங்கள் பக்கம் பிள்ளையைத் தொட்டிலில் போடும் நாளில், முதலில் அம்மிக் குழவியைப் போட்டு ஆட்டுவார்கள். கல் மாதிரி உடம்போடு பிள்ளை இருக்க வேண்டும் என்று. பொட்டு வைத்து, பூச் சுற்றிப் படுக்க வைப்பார்கள். அதைச் செய்கிற உரிமை அத்தைக்காரிக்கு.

அத்தைக்காரி என் அக்கா. திருமானூரில் கட்டிக்கொடுத்திருந்தோம். பிள்ளைப்பேறு பார்க்க வந்தவள் எங்கள் லைன் வீட்டில் அம்மி இல்லை என்று தெரிந்ததும் திகைத்துவிட்டாள்.

"மிக்ஸிய வச்சா ஆட்டுவீங்க தொட்டில்ல?"

திரும்பிப் போய்த் தன் வீட்டுக் குழவியை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள். பையைப் பார்த்த கண்டக்டர் என்ன சரக்கு என்று கேட்டிருக்கிறார்.

"கல்லு."

"கல்லுன்னா லக்கேஜ் போடணும்மா."

"மடியிலதான வச்சிருக்கேன். மடியில வச்ச புள்ளைக்கு எந்த ஊர்ல டிக்கெட் போடுறாங்க?"

பஸ்ஸே சிரித்ததாம். அவரும் விட்டுவிட்டார். அரியலூரில் இறங்கும்போது, "பாத்து எறக்குங்க, புள்ள முழிச்சுக்கப் போவுது," என்றாராம். அக்கா இதைச் சொல்லிச் சொல்லி வாசல் தெளிக்கிற பெண்கள் வரைக்கும் சிரித்தார்கள்.

கல்லுக்குச் செய்த தொட்டில்

தொட்டிலுக்கு ஸ்பிரிங் கட்டுவது அப்போது பரவியிருந்தது. வெறும் தூளி பக்கவாட்டில் ஆடும். ஸ்பிரிங் தொட்டில் மேலும் கீழும் ஆடும். கடையில் கிடைக்கும்.

நான் வாங்கவில்லை. ஸ்பிரிங் வேலை பார்க்கிறவன் போய் ஸ்பிரிங் வாங்குவதா. காயலான் கடையில் தேடி ஒரு சுருளை எடுத்தேன். எந்த மிஷினில் இருந்ததோ. நல்ல இரும்பு. துருவைத் தேய்த்து எடுத்து, ரெண்டு முனையையும் நானே வளைத்துக் கொக்கி பண்ணினேன். வீட்டுக்கூரையின் இரும்புப் பைப்பில் மாட்டினேன்.

அந்த நாளும் வந்தது. அக்கா கல்லுக்கு மஞ்சள் பொட்டு வைத்துத் தொட்டிலில் போட்டாள். இழுத்துவிட்டாள். ஆகா. கல் மெதுவாக இறங்கியது. மெதுவாக ஏறியது. கோயில் பல்லக்கு வருகிற மாதிரி. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் கூரையைப் பார்த்துக்கொண்டேன்.

பிறகு கல்லை எடுத்துவிட்டுப் பிள்ளையைப் போட்டார்கள்.

இழுத்துவிட்டதும் தொட்டில் படபடவென்று துடித்தது. பிள்ளையின் கன்னம் ரெண்டும் நடுங்கியது. ஒரு விநாடி என்ன நடக்கிறது என்று பார்த்தது. அப்புறம் போட்டது பாருங்கள் ஒரு சத்தம்.

அக்கா வாரி எடுத்துக்கொண்டாள். "டேய், இது தொட்டிலா, மாவு சலிக்கிற மிஷினா?"

வளர்மதி கட்டிலில் படுத்திருந்தாள். சிரித்தால் வயிறு வலிக்கும். வயிற்றைப் பிடித்துக்கொண்டே சிரித்தாள்.

"கல்லுக்குத் தொட்டில் செஞ்சுட்டீங்க. நம்ம புள்ளைக்கு எப்ப செய்வீங்க?"

காலி லாரி

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. கடை ஸ்பிரிங்கே வாங்கிவிடலாம் என்று சட்டையை மாட்டினேன். அவள்தான் நிறுத்தினாள்.

"இருங்க. இழுப்பு ஒன்னுதான. கல்லைப் போட்டாலும் அண்ணி அவ்வளவுதான் இழுத்தாங்க, புள்ளையப் போட்டாலும் அவ்வளவுதான். ஸ்பிரிங்குக்குள்ள போற சக்தி ஒரே அளவு. கல்லு கனம், அந்தச் சக்திக்கு மெதுவாத்தான் நகரும். புள்ள பஞ்சு. அதே சக்திக்குத் தெறிச்சுக்கிட்டு ஓடுது."

எனக்கு லாரி ஞாபகம் வந்தது. லோடு ஏற்றின லாரி ரோட்டில் மிதக்கும். அதே லாரி காலியாகத் திரும்பும்போது குதிக்கும். டிரைவர் தலை கூரையில் இடிக்கும். தினமும் பார்க்கிறதுதான். பிள்ளைக்கும் அது பொருந்தும் என்று தோன்றவில்லை.

"லோடு பத்தல," என்றேன்.

"அதான். கல்லையும் சேத்துப் போடுங்க."

அக்கா பதறினாள். "புள்ள மேல கல்லா?"

"மேல இல்ல அண்ணி. அடியில. தனியா ஒரு பையில."

தொட்டிலுக்குக் கீழே பை கட்டிக் கல்லை வைத்தோம். மேலே பிள்ளை, அடியில் கல். இழுத்தேன். பல்லக்கு வந்துவிட்டது. பிள்ளை கண்ணைச் சொருகியது.

அக்கா ஊருக்குப் போகும்போது கல்லைப் பார்த்தாள். தொட்டிலைப் பார்த்தாள்.

"என் கல்லு?"

வெறும் பையோடு பஸ் ஏறினாள். அதற்கப்புறம் எப்போது வந்தாலும் முதல் கேள்வி அதுதான். "புள்ள நல்லாருக்கா? என் கல்லு நல்லாருக்கா?" அவள் வீட்டில் மிளகாய் அரைக்கப் பக்கத்து வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது.

தாலாட்டுப் பாடம்

வளர்மதிக்கு வாய்விட்டுப் படித்தால்தான் மண்டையில் ஏறும். பிள்ளையையும் ஆட்ட வேண்டும். ரெண்டையும் ஒன்றாக்கிவிட்டாள். இயற்பியல் புத்தகத்தைத் தாலாட்டு ராகத்தில் படித்தாள். முனையிலே நிலை ஆற்றல், நடுவிலே இயக்க ஆற்றல், மொத்தமும் மாறாது கண்ணே என்று இழுப்பாள். பக்கத்து வீட்டு அம்மா ஏதோ சாமி பாட்டு என்று நினைத்து வாசலில் நின்று கேட்டுவிட்டுப் போகும்.

ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே கேட்டேன். "என்ன அது, மாறாதுங்குற?"

தொட்டிலைக் கீழே இழுத்துப் பிடித்தாள்.

"இப்ப ஓட்டம் இருக்கா?"

"இல்ல."

"ஆனா கையை மேல இழுக்குது. சக்தி பூரா உள்ள இருக்கு. இந்தா, விட்டேன். நடுவுல வரும்போது பாருங்க, அங்கதான் வேகம் அதிகம். இழுப்பு பூரா ஓட்டமாயிடுச்சு. மேல போயி ஒரு நொடி நிக்குதா? ஓட்டம் போயி ஒளிஞ்சுக்குச்சு. மறுபடி வரும். இப்புடியே மாத்தி மாத்தி. ரெண்டையும் கூட்டுனா எந்த நேரமும் ஒரே கணக்கு. அதுக்குப் பேரு தனிச்சீரிசை இயக்கம்."

தொட்டில் கீழே வந்து நின்று திரும்பியது. அதைக் காட்டினாள்.

"இங்க பாத்தா ஒன்னுமே இல்லாத மாதிரி நிக்கிது பாருங்க. ஆனா மொத்தமும் உள்ளதான் இருக்கு. உங்கள மாதிரி."

நான் ரசத்தை ஊற்றிக்கொண்டேன்.

"பாத்தீங்களா, இப்பவும்."

கொஞ்ச நேரம் தொட்டிலைப் பார்த்தேன். ஆட்டம் குறைந்துகொண்டே வந்தது. நின்றுவிட்டது.

"மாறாதுன்ன. நிக்கிதே?"

"புத்தகத்துல நிக்காதுங்க."

"வூட்டுல நிக்கிதே."

"உராய்வு இல்லன்னு வச்சுக்கணும்."

"இருக்குறத ஏன் இல்லன்னு வச்சுக்கணும்?"

அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "எட்டாவதுலயும் இப்புடித்தான் கேட்டீங்களா? அதான் அனுப்பிட்டாங்க."

ஆனால் அதை விடவில்லை அவள். ஸ்டூலைப் போட்டு ஏறினாள். தொட்டில் ஆட ஆடக் கொக்கியைப் பார்த்தாள். அங்கேதான் கிரீச் என்கிற சத்தம். இரும்பும் இரும்பும் தேய்ந்து பளபளவென்று இருந்தது. விரலை வைத்தாள்.

"லேசா சூடு இருக்குங்க. சத்தமாயும் சூடாயும் இங்கதான் போவுது. போன அளவுக்குத்தான் நாம திரும்ப இழுத்துவுடுறோம்."

நானும் தொட்டுப் பார்த்தேன். என் கைக்குத் தெரியவில்லை. பழுத்த இரும்பு எடுக்கிற கைக்கு அதெல்லாம் சூடா.

எண்ணெய்

விஷயம் புரிந்துவிட்டது. போகிற வழியை அடைத்தால் ஆட்டம் நீளும். ஆட்டம் நீண்டால் அவள் அடிக்கடி எழுந்து இழுக்க வேண்டாம். உட்கார்ந்து படிக்கலாம். கொக்கியில் பட்டறை எண்ணெய் விட்டேன். பட்டறைக்காரன் வேலை அதுதானே.

சத்தம் செத்துப்போனது. ஒரு இழுப்புக்குத் தொட்டில் முன்பைவிட வெகுநேரம் ஆடியது. வளர்மதி புத்தகத்தை எடுத்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்தாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பிள்ளை கண்ணைத் திறந்தது. மேலே பார்த்தது. எதையோ காணோம் என்கிற மாதிரி. உதடு பிதுங்கியது.

ஆட்டினோம். தோளில் போட்டோம். ராகம் போட்டாள். எதற்கும் தூங்கவில்லை. பிறந்ததிலிருந்து அந்தக் கிரீச் சத்தத்தில் தூங்கின பிள்ளை. அதுதான் அதற்குத் தாலாட்டு. இதை நாங்கள் கண்டுபிடிக்க ஒரு பகல் முழுக்க ஆனது.

மண்ணெண்ணெயில் கொக்கியைக் கழுவினேன். சாம்பல் போட்டுத் தேய்த்தேன். மாட்டினேன். கிரீச். பிள்ளை தூங்கிவிட்டது.

"போனா போவுது," என்றாள் வளர்மதி. "சத்தத்துக்குக் கொஞ்சம் சக்தி போவட்டும்."

அதோடு அவள் ஒரு கையில் புத்தகமும் மறுகையில் தொட்டில் கயிறுமாக அந்தச் சித்திரை வரை படித்தாள்.

வேப்பமரத்தடி

இதுதான் அந்தச் சத்தத்தின் கதை. பெரம்பலூர் போகிறபோது ஸ்பிரிங்கையும் கொக்கியையும் கல்லையும் ஏன் தூக்கிக்கொண்டு போனேன் என்று இப்போது தெரிந்திருக்கும். பஸ்ஸில் கல்லை மடியில்தான் வைத்திருந்தேன். அக்கா சொன்ன நியாயம் எனக்கும் பொருந்தும்.

மரத்தடியில் இன்னொருவர் உட்கார்ந்திருந்தார். எறையூர் பக்கம் கரும்பு போடுகிறவர். மகளைப் பரீட்சைக்குக் கூட்டி வந்திருந்தார். பேசாமல் இருக்கத் தெரியாத மனிதர்.

"அடியில என்ன தம்பி?"

"கல்லு."

"எதுக்கு? புள்ள பறந்துடுமா?"

"துடிக்கும்."

அவருக்கு விளங்கவில்லை. "தாய்க்காரி எங்க?"

"உள்ள. பரீட்ச."

"நீ?"

"வெளிய."

"அது தெரியுதுய்யா," என்று வெற்றிலையை மடித்துக்கொண்டார். "எங்க ஊர்ல ஆம்பள தொட்டில் ஆட்டுனா மழ வராதும்பாங்க."

"சித்திரையில எப்புடியும் வராது."

அதற்கு அவர் சிரித்தார். நான் இழுத்துக்கொண்டே இருந்தேன். கிரீச், கிரீச். வேப்பம்பூ தொட்டில் துணிமேல் விழுந்தது. பிள்ளை வாயைத் திறந்து தூங்கியது. ஜன்னலில் வளர்மதியின் தலை குனிந்தபடி இருந்தது. எழுதுகிறாள்.

அப்போது ஹாலிலிருந்து ஒரு சார் வந்தார். சின்ன வயசு. கோபமாக வரவில்லை. சங்கடமாக வந்தார்.

"அண்ணே, அந்தச் சத்தம் உள்ள கேக்குதுண்ணே. எல்லாரும் திரும்பித் திரும்பிப் பாக்குறாங்க. நிறுத்திருங்களேன்."

"நிறுத்துனா புள்ள அழுவும் சார்."

"அழுதா அதுவும் கேக்குமே," என்று தலையைச் சொறிந்தார். "என்னமாச்சும் பண்ணுங்கண்ணே. எழுதுற புள்ளைங்க பாவம்."

அவர் சொன்னது நியாயம். உள்ளே எத்தனையோ பேர் எழுதுகிறார்கள். என் பெண்டாட்டி ஒருத்தி இல்லை.

தொட்டிலைத் தூரமாகக் கொண்டுபோகலாம். அங்கே வேறு மரம் இல்லை. எடுத்துத் தோளில் போட்டால் முழித்துக்கொள்ளும். பிள்ளையின் பையில் தேங்காய் எண்ணெய் பாட்டில் இருந்தது. வேறு வழி தெரியவில்லை. எக்கி நின்று கொக்கியில் விட்டேன்.

கிரீச் தேய்ந்து தேய்ந்து நின்றுபோனது. தொட்டில் மட்டும் சத்தமில்லாமல் ஏறி இறங்கியது.

பிள்ளை கண்ணைத் திறந்தது. மேலே பார்த்தது. உதடு பிதுங்க ஆரம்பித்தது.

"போச்சு," என்றார் எறையூர்க்காரர்.

ஜன்னலைப் பார்த்தேன். குனிந்திருந்த தலை நிமிர்ந்துவிட்டது.

எனக்குப் பாட வராது. கோயிலில்கூட வாயைத் திறந்ததில்லை. தாலாட்டும் தெரியாது. தெரிந்தது ஒரு சத்தம்தான். தொட்டில் பக்கம் குனிந்தேன். துணியில் வாயை வைத்தேன்.

"கிரீச்."

பிள்ளை என்னைப் பார்த்தது.

தொட்டில் கீழே போய்த் திரும்பும்போதுதான் கொக்கி அப்படிச் சத்தம் போடும். அந்த இடம் எனக்கு மனப்பாடம். அதற்குச் சரியாகப் போட்டேன். "கிரீச்." மேலே போய்த் திரும்பும்போது கொஞ்சம் சின்னதாக. "கிரீச்." பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்டிருக்கும். ஹால் வரைக்கும் போகாது.

எறையூர்க்காரர் வெற்றிலை மெல்வதை நிறுத்திவிட்டார்.

குனிந்துகொண்டே இழுக்க எனக்கு வாகாக இல்லை. ஆட்டம் குறைந்தது. பிள்ளை சிணுங்கியது. அவர் எழுந்து வந்தார். வெற்றிலையைத் துப்பினார். தொட்டில் துணியைப் பிடித்தார்.

"நீ கத்து. நான் ஆட்டுறேன்."

"மழ வராதே."

"கெடக்குது. கரும்புக்குப் போர்த் தண்ணி இருக்கு."

அவர் ஆட்டினார். நான் கத்தினேன். பிள்ளையின் கண் மெல்ல மெல்ல மூடியது. வாட்ச்மேன் வந்து பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் போனார். தண்ணீர் குடிக்க வந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு ஓடினார்கள். நான் நிமிரவில்லை. இடுப்பு விட்டுப்போனது. கடைசி மணி அடிக்கிற வரைக்கும் நிமிரவில்லை.

திரும்புகிற பஸ்

அரியலூர் பஸ்ஸில் ஜன்னலோரம் அவள். மடியில் பிள்ளை. பக்கத்தில் நான். மடியில் கல்.

தொண்டை கட்டியிருந்தது எனக்கு. எப்படி எழுதினாய் என்று கேட்கவில்லை. அவளாகச் சொல்லட்டும் என்று இருந்தேன்.

"சத்தம் நின்னுச்சுல்ல," என்றாள் கொஞ்ச தூரம் போனதும். "பேனாவ மூடிட்டேன்."

நான் ரோட்டைப் பார்த்தேன்.

"பாதிதான் எழுதியிருந்தேன். போதும்னு எந்திரிச்சுட்டேன். சார் பேப்பரக் குடுன்னு கை நீட்டிட்டாரு. ஜன்னல்ல பாத்தேன். அழுவுதான்னு பாக்கத்தான். தொட்டில் ஆடிட்டு இருந்துச்சு. உங்க வாயும் ஆடிட்டு இருந்துச்சு."

அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தேன். திரும்பிப் பார்த்தால் சிரிப்பு. பிறகு ரெண்டும் கலந்து வந்தது. முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"உக்காந்துட்டேன் மறுபடி."

"ம்."

"மிச்சத்தையும் எழுதிட்டேன். தனிச்சீரிசை இயக்கம், மொத்த ஆற்றல் மாறாதுன்னு நிறுவுகன்னு வந்துச்சு. படம் போட்டு, சமன்பாடு எல்லாம் போட்டுக் கடைசியில ஒரு வரி சேத்துட்டேன். புத்தகத்துல இல்லாத வரி."

"என்ன?"

"நடைமுறையில் சிறிதளவு ஆற்றல் ஒலியாக வெளியேறும், அதை நாம் மீண்டும் அளித்தால் இயக்கம் தொடரும்னு."

"அதுக்கு மார்க் உண்டா?"

"இருக்காது."

"எனக்கு அது ஒன்னுதான் புரியுது."

"தெரியும்," என்றாள். "அதான் எழுதுனேன்."

கனம்

ரிசல்ட் வந்தபோது பட்டறையில் இருந்தேன். அவளே வந்துவிட்டாள், பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு. ஒரு லாரிக்கு அடியில் படுத்திருந்தேன். அவள் கால் தெரிந்தது. கொலுசு தெரிந்தது. குனிந்து லாரிக்கு அடியில் எட்டிப் பார்த்தாள்.

"பாஸ்."

வெளியே வந்திருக்க வேண்டும். ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். கையில் இருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தேன். வாயில் வந்ததைச் சொன்னேன்.

"கிரீச்," என்றேன்.

பட்டறையில் இருந்தவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. அவளுக்குப் புரிந்தது. பிள்ளைக்கும் புரிந்தது. லாரிக்கு அடியில் என்னைத் தேடிச் சிரித்தது.

விஷயம் கேள்விப்பட்டு அக்கா திருமானூரிலிருந்து வந்தாள். வளர்மதிக்கு ஒரு முழம் பூ வாங்கி வந்திருந்தாள். தலையில் வைத்துவிட்டு, "இனிமே டீச்சரம்மா. என் கல்லக் குடுத்துடு," என்றாள்.

பையை அவிழ்த்துக் கல்லை எடுத்தோம். எனக்குக் கவலைதான். தொட்டில் மறுபடி படபடக்குமே. வளர்மதி பிள்ளையைத் தொட்டிலில் போட்டாள். அடியில் ஒன்றும் இல்லை. இழுத்துவிட்டாள்.

மெதுவாக இறங்கியது. மெதுவாக ஏறியது. அதே பல்லக்கு.

மூன்று பேரும் பார்த்துக்கொண்டே இருந்தோம். அன்றைக்குப் பிள்ளையும் கல்லும் சேர்ந்து இருந்த கனத்துக்கு இப்போது பிள்ளை ஒன்றே வளர்ந்துவிட்டிருக்கிறது. நாங்கள்தான் கவனிக்கவில்லை.

அக்கா கல்லைத் தடவிப் பார்த்தாள். பொட்டு வைத்த இடம் இன்னும் லேசாக மஞ்சளாக இருந்தது.

"சீக்கிரமே எறக்கி வச்சிருக்கலாம்போல," என்றாள்.

கல்லை மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினாள். நான் ஏற்றிவிட்டு வந்தேன். வாசலுக்கு வரும்போதே உள்ளே சத்தம் கேட்டது. வளர்மதி பி.எட். விண்ணப்பத்தை எழுதிக்கொண்டிருந்தாள். கயிறு அவள் கால் கட்டைவிரலில் மாட்டியிருந்தது.

கயிற்றை அவள் விரலிலிருந்து கழற்றி என் விரலில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.